இரைச்சலை அகற்றுதல்: குற்றாலத்தில் மூன்று சிறு கேமராக்கள்

1

சிறு டிஜிட்டல் கேமராக்களில் எதனுடைய படம் தரமானது என்ற கேள்வி இதுவரை வாங்குகிறவனின் கேள்வியாக மட்டுமே இருந்து வந்திருக்கிறது. எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம், என்ன விலை என்பதோடு அது முடிந்துவிடும். இந்தக் கட்டுரை அதே கேள்வியை வேறோர் இடத்தில் நின்று கேட்டுப் பார்க்கிறது. 'தரம்' என்பது கேமராவுக்குள் கிடக்கிற, அளந்து எண்ணாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு பண்பா? அல்லது எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று நமக்கு முன்பே வேறு யாரோ செய்துவைத்த ஒரு தேர்வின் பெயரா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது ஒரு படம்.

2008 ஜூலையில், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு அப்பா தோளில் துண்டோடு நின்றபோது எடுத்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் கொண்டுவந்த 10 மெகாபிக்சல் காம்பாக்ட் கேமரா, சட்டைப்பைக்குள் அடங்கும். அதன் சின்னத் திரையில் பார்த்தபோது எல்லோருக்கும் திருப்தி. 'நல்லா விழுந்திருக்கு' என்றார்கள். 2019இல் அப்பா காலமானபோது, மாலை போட்டு மாட்டுவதற்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தென்காசியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த ஸ்டூடியோக்காரர் சொன்னார்: 'அண்ணாச்சி, அருவி இருக்கு, துண்டு இருக்கு, மொகம் இல்லையே.'

உண்மைதான். நெற்றிக் கோடுகள், அம்மைத் தழும்பு, இரண்டு நாள் தாடி ஒன்றும் இல்லை. உருகி ஆறிய மெழுகு மாதிரி ஒரு பழுப்புப் பரப்பு. அதில் இரண்டு இருட்டுக் குழிகள். 'கொஞ்சம் வெளுப்பாக்கி, ஸ்மூத் பண்ணித் தந்துடுதேன்' என்றார் அவர். அந்த இரண்டு காரியத்தில் இரண்டாவதைக் கேமரா 2008லேயே செய்து முடித்துவிட்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நம் பேச்சில் படம் 'விழுகிறது'. முகம் நன்றாக விழும், அல்லது விழாது. கேமராவையோ எடுத்தவனையோ எழுவாயாக வைக்காமல், தானே நிகழ்கிற ஒன்றாக அதைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். சாரல் விழுவது போல, அருவி விழுவது போல. இயற்கையாகத் தோன்றுகிற இந்த விழுதலுக்குள் எத்தனை கைகள் வேலை செய்திருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நான் செய்ய முயல்வது.

2

முதலில் பொறியின் சங்கதி. லென்ஸ் வழியாக வரும் ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு உணரி எனப்படுகிறது. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது பழைய பிலிம் சுருளின் ஒரு கட்டம். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களுக்குள் இருந்த உணரியோ சுமார் 5.8க்கு 4.3 மில்லிமீட்டர், அதாவது 25 சதுர மில்லிமீட்டருக்குள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. பிலிம் கட்டத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இதற்குப் பெட்டியின் மேல் போட்டிருந்த பெயர் '1/2.5 அங்குலம்'. அப்படியானால் குறுக்களவு பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உண்மையில் ஏழுதான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளந்த வழக்கம் குழாய் மறைந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரத்தைப் பற்றிய முதல் எண்ணே எதையும் அளக்காத எண்.

இந்தப் பரப்பின் முக்கியத்துவத்தைக் குற்றாலத்தில் விளக்குவது எளிது. முற்றத்தில் சாரல் விழும்போது ஆயிரம் சின்னக் கிண்ணங்களை நெருக்கி வையுங்கள். சாரல் சமமாகத்தான் விழுகிறது. ஆனாலும் ஒரு கிண்ணத்தில் ஒன்பது துளி, பக்கத்துக் கிண்ணத்தில் பதின்மூன்று என்று ஏறுமாறாக இருக்கும். ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. சராசரியாக 100 துளி விழும் கிண்ணத்தில் ஏற்ற இறக்கம் 10 அளவில் இருக்கும், நூற்றுக்குப் பத்து. 10,000 துளி பிடிக்கும் பானையிலோ ஏற்ற இறக்கம் 100தான், நூற்றுக்கு ஒன்று. இந்த ஏறுமாறுதான் படத்தில் புள்ளிபுள்ளியாக, ரவை தூவினாற்போலத் தெரிகிறது. இதற்குத் தொழில்நுட்பம் வைத்த பெயர் 'இரைச்சல்'. மறுபக்கம், கிண்ணம் சிறிதானால் சீக்கிரம் நிரம்பி வழியும். வழிந்த பிறகு எவ்வளவு விழுந்தது என்று சொல்ல முடியாது. அருவியின் வெள்ளையில் நீரிழைகள் தெரியாமல் வெறும் சுண்ணாம்புப் பட்டையாகப் போவது இதனால்.

ஆக, சிறு உணரிக்கு இரண்டு முனையிலும் நெருக்கடி. மேலே வழிகிறது, கீழே இரைகிறது. இந்த 25 சதுர மில்லிமீட்டருக்குள் 2005 வாக்கில் 50, 60 லட்சம் கிண்ணங்கள் இருந்தன. 2010க்குள் ஏறத்தாழ அதே இடத்தில் 1 கோடியே 40 லட்சம். அந்தந்த ஆண்டின் விளம்பரம் இதைத்தான் தரம் என்று விற்றது. கேனான் பவர்ஷாட் ஜி10 (2008) 1.47 கோடிப் புள்ளிகளோடு வந்து, அடுத்த ஆண்டு ஜி11 ஒரு கோடியாகக் குறைத்துக்கொண்டபோது, எண் ஏறுவதே முன்னேற்றம் என்ற பெருங்கதையாடலை உற்பத்தியாளரே ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தார் என்று சொல்லலாம். 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 வேறு வழியில் போனது. உணரியை 116 சதுர மில்லிமீட்டராகப் பெரிதாக்கியது. முற்றத்தையே அகலப்படுத்திவிட்டார்கள்.

இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். மெகாபிக்சல் கூடினால் படம் கெடும் என்பது முழு உண்மை இல்லை. முற்றத்தில் விழும் மொத்தச் சாரல் கிண்ணங்களின் எண்ணிக்கையால் பெரிதாக மாறிவிடாது. ஒரே அளவுக்கு அச்சிட்டுப் பார்த்தால் இரைச்சலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். சேதம் பெரும்பாலும் நேர்வது அடுத்த கட்டத்தில், அந்த இரைச்சலைக் கேமரா என்ன செய்கிறது என்பதில்.

3

சென்ற சாரலில் மூன்று கேமராக்களை இரவல் வாங்கிக்கொண்டு குற்றாலம் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் இப்போது இந்தப் பழைய காம்பாக்டுகளைத் தேடி வாங்குகிறார்கள். 'போன் படம் ரொம்பச் சுத்தமா இருக்கு' என்பது அவர்கள் புகார். ஆகவே இரவல் கிடைப்பது கஷ்டமாக இல்லை. ஒன்று 2006ஐச் சேர்ந்த 6 மெகாபிக்சல். இரண்டாவது 2010ஐச் சேர்ந்த 14 மெகாபிக்சல். இரண்டுக்கும் உணரி அநேகமாக ஒரே அளவு. மூன்றாவது, ஓரங்குல வகை என்று சொல்லப்படும் பெரிய உணரி உள்ளது. மாடல், என் தாய்மாமா. கறுத்த முகம், நரைத்த தாடி, வெள்ளைத் துண்டு. அப்பா நின்ற அதே இடத்தில் நிற்கச் சொன்னேன்.

அஞ்சலட்டை அளவில், அதாவது 6க்கு 4 அங்குலம், மூன்றையும் அச்சிட்டு வீட்டில் காட்டினேன். எது எந்தக் கேமரா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுக்கே அந்த அளவுக்கு 1,800க்கு 1,200, அதாவது 21.6 லட்சம் புள்ளிதான் வேண்டும். மிச்சமெல்லாம் உபரி.

சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கியபோது மூன்றும் பிரிந்தன. 2006இன் படத்தில் முகமெல்லாம் ரவைப்புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு ஊடே நெற்றிச் சுருக்கம் இருந்தது, தாடி மயிர் தனித்தனியாக இருந்தது. 2010இன் படம் புள்ளியே இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கன்னம் மெழுகு, தாடி சாம்பல் பூச்சு, பின்னாலிருந்த பாறையின் பாசி ஒரே பச்சைச் சாந்து. மூன்றாவதில் பாறையும் தாடியும் அருவியின் நீரிழையும் ஓரளவு சேர்ந்தே பிழைத்திருந்தன. சாயங்காலம் இருட்டிய பிறகு பிளாஷ் போட்டு எடுத்ததில் இரண்டு சின்னக் கேமராக்களிலும் மாமாவைச் சுற்றி வெள்ளை வட்டங்கள் மிதந்தன. பிளாஷ் லென்ஸுக்கு ஒட்டி இருப்பதால் முன்னால் பறக்கும் சாரல்துளி அந்த ஒளியை நேராகத் திருப்பி அனுப்புகிறது. ஆவி என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் தென்காசியில், வெளுத்த வானத்தை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்கும் காசி விசுவநாதர் கோவில் கோபுரத்தை எடுத்தபோது, சின்னக் கேமராக்களின் படங்களில் பொம்மைகளின் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறக் கோடு. லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கத் தவறுவதன் அடையாளம் அது.

மாமாவிடம் முதல் இரண்டு படங்களையும் காட்டினேன். புள்ளி விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டார். 'மருமவனே, இதுல சொரசொரன்னு இருந்தாலும் நாந்தான் இருக்கேன். அதுல யாரோ சினிமாக்காரன் மாதிரில்லா இருக்கு.'

ஒப்பீட்டுக் கட்டுரைகளின் மொழியில் இரண்டாவதுதான் 'இரைச்சல் குறைந்த' கேமரா. மதிப்பெண் போட்டால் அதற்குத்தான் அதிகம் விழும்.

4

இரைச்சலை அகற்றுவது என்றால் என்ன? கேமரா ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிடுகிறது. ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் இது தற்செயல், இங்கே இருக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்து அக்கம்பக்கத்தோடு கலந்துவிடுகிறது. ஆனால் சுருக்கமும் துருத்தல்தான், மயிரும் துருத்தல்தான், பாசியும் சாரலும் துருத்தல்தான். எது உலகத்தின் சொரசொரப்பு, எது பொறியின் சொரசொரப்பு என்று அதற்குத் தெரியாது. அது ஊகிக்கிறது.

இந்த ஊகத்தை நான் இதற்கு முன் வேறோர் இடத்தில் சந்தித்திருக்கிறேன். அதுவும் குற்றாலத்தில்தான். 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கே. கம்பராமாயணத்தில் தம் ரசனைக்குக் கம்பன் வாக்காகப் படாத செய்யுள்களை இடைச்செருகல் என்று ஒதுக்கி, சிலவற்றைத் திருத்தி, 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் ஒரு பதிப்புத் தந்தார். பல தலைமுறைகள் ஏடெழுதியதில் படிந்த இரைச்சலை நீக்கி மூலக்குரலைக் கேட்கிறோம் என்பது அந்தச் செயலின் நியாயம். கவிதையை அவ்வளவு உயிரோடு வாசித்துக் காட்டியவர்கள் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நீக்கப்பட்டது இரைச்சலா, நமக்குப் பிடிக்காமல் போன கம்பனா என்ற கேள்வியை அந்தப் பதிப்பால் தீர்க்க முடியாது. ரசனை தனக்குள்ளேயே சாட்சியும் நீதிபதியுமாக இருந்துவிடுகிறது.

ஒரு வித்தியாசம் முக்கியமானது. டி.கே.சி. தம் பெயரைப் போட்டுத் தேர்ந்தார். சண்டைக்கு வந்தவர்களுக்குச் சண்டை போட ஒரு ஆள் இருந்தார். சரிபார்க்க வேறு பதிப்புகள் இருந்தன, ஏடுகள் இருந்தன. கேமராவின் பதிப்பாசிரியனுக்குப் பெயரில்லை. ஏடும் இல்லை. படம் ஜேபெக் கோப்பாகும்போது மூலம் அழிந்துவிடுகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அதிகம் உறைக்காது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கிறது. அதற்கும் முன்னால் வேறொரு ஊகம். ஒவ்வொரு கிண்ணமும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே பிடிக்கிறது. 1976இல் காப்புரிமை பெற்ற பேயர் அமைப்பின்படி நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆக, படத்தில் காணும் நிறத்தகவலில் மூன்றில் இரண்டு பங்கு அக்கம்பக்கம் பார்த்து நிரப்பியது. ஒவ்வொரு வண்ணப்படமும் பாதிக்கு மேல் உரைதான், மூலம் கொஞ்சம்.

சில காம்பாக்டுகள் 'ரா' எனப்படும் கோப்பைக் கொடுத்தன. கிண்ணக் கணக்கு அப்படியே, இரைச்சலோடு. அதுதான் ஏடு. சட்டைப்பைக் கேமராக்களில் பெரும்பாலானவை அதைக் கொடுக்கவில்லை. சாதாரண ஜனங்களுக்கு ஏடு எதற்கு, பதிப்புப் போதும் என்ற முடிவு அது.

5

இனி வெளிச்சம். தானியங்கிக் கேமரா காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலாகக் கொண்டுவரப் பார்க்கிறது. தூரத்திலிருந்து பேரருவியை எடுத்தால் கறுத்த பாறைதான் அதிகம். கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், பொங்குமாங்கடலுக்குக் கீழே விழும் தண்ணீரெல்லாம் சுண்ணாம்பாகும். கிட்டே போய் அருவிக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் வெள்ளைதான் அதிகம். கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். அருவியில் ஒவ்வோர் இழையும் தெரியும். ஆள் இருட்டுக்குள் போவார். துண்டு தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. நல்ல கறுத்த முகம் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ. அந்தக் கொஞ்சத்திலும் கேமரா குறைத்துவிட்டால் முகத்துக்குரிய கிண்ணங்களில் விழுவது சில துளிகள்தான். அங்கேதான் இரைச்சல் அதிகம். ஆகவே இரைச்சல் நீக்கம் மும்முரமாக வேலை செய்வதும் அங்கேதான். அப்பாவின் முகம் போன வழி இது. வெள்ளையைக் காப்பாற்ற முகத்தை இருட்டில் தள்ளி, இருட்டைச் சுத்தம் செய்யும்போது முகத்தையும் துடைத்துவிட்டது.

உணரிக்கு ஜாதியும் இல்லை நிறவெறியும் இல்லை. அது எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் எதைச் சரியான தோல்நிறம் என்று வைத்துக்கொள்வது என்பதற்கு வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷர்லி' அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக அச்சாகிவிட்டால் நிறம் சரி என்று பொருள். கறுத்த தோலின் நுட்பங்களை அந்தக் காலத்து வண்ணப் பிலிம் சரிவரப் பதியவில்லை என்பதையும், பிலிமை மாற்ற வைத்த நெருக்கடியில் சாக்லேட்டையும் மரச்சாமான்களையும் விளம்பரப்படுத்தியவர்களின் புகாருக்குப் பங்கு இருந்தது என்பதையும் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதினார். மேசையின் பழுப்புக்குக் கிடைத்த காது மனிதரின் பழுப்புக்குக் கிடைக்கவில்லை. 1975இல் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததும், பேயர் தம் நிறச்சல்லடையை வகுத்ததும் இதே கோடாக்கில் என்பதை நினைவில் வைக்கலாம். சாசனின் கேமராவில் இருந்தவை 10,000 புள்ளிகள், கறுப்பு வெள்ளை.

விலெம் ஃப்ளூசர் 1983இல் எழுதிய புகைப்படத் தத்துவ நூலில், கேமராவை இயக்குகிறவன் அதன் நிரலுக்குள்தான் விளையாடுகிறான் என்ற வாதம் வருகிறது. நாம் எடுப்பதாக நினைப்பது, நிரல் முன்பே அனுமதித்து வைத்திருக்கிற சாத்தியங்களில் ஒன்று. உட்கார்ந்து படிக்கும்போது கொஞ்சம் மிகை என்று பட்டது. ஸ்டூடியோவில் அந்தத் திரையின் முன் நின்றபோது மிகையாகப் படவில்லை. இன்றைய போன் இன்னும் ஒரு படி மேலே. ஒரு தடவை தொட்டால் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. இருட்டும் வெள்ளையும் சேர்ந்தே பிழைக்கின்றன. முகம் கிடைக்கிறது; ஆனால் அந்த முகம் எத்தனை படங்களின் ஒட்டு, எங்கே மெருகேற்றப்பட்டது என்பது இன்னும் ஆழத்தில் புதைந்துவிடுகிறது. பதிப்பாசிரியர் முன்பைவிடத் திறமைசாலி. முன்பைவிட ஊமை.

6

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்றால், ஒப்பிட வேண்டும், கேள்வியை மாற்றிக்கொண்டு. எந்தக் கேமரா தரமானது என்பதற்குப் பதிலாக, ஒரு நெருக்கடியில் இது எதை முதலில் கைவிடுகிறது என்று கேட்க வேண்டும். அதற்குச் சோதனை அட்டை தேவையில்லை. ஈரப்பாறைமேல் பாசி, அருவிக்கு முன் ஒரு கறுத்த முகம், இருட்டிய பிறகு விளக்கடியில் அதே முகம். இந்த மூன்றையும் எடுத்து, நமக்கு வேண்டிய ஒரே அளவில் அச்சிட்டு, வெளிச்சப் பகுதியை விட்டுவிட்டு நிழல் பகுதியைப் பார்க்க வேண்டும். புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, புள்ளிக்கு ஊடே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். புள்ளியைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். துடைத்ததைத் திரும்ப எழுத முடியாது. ஐஎஸ்ஓ என்பது கிடைத்த துளிகளைப் பெருக்கிக் காட்டும் கணக்கு. ஆகவே அதைக் குறைந்த எண்ணிலேயே வைக்க வேண்டும். 'ரா' உண்டென்றால் அதை இயக்கிவைக்க வேண்டும். கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட ஒரு பொத்தான் அநேகமாக எல்லாக் காம்பாக்டிலும் உண்டு. அது வெளிச்சத்தைப் பற்றிய கேமராவின் முடிவை நாம் மீறுவதற்கு விட்டுவைத்திருக்கிற ஒரே சந்து. நிரலுக்குள் கிடைத்த சந்துதான், இருந்தாலும் சந்து.

குற்றாலத்தில் ஒரு சித்திரசபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்ற நான்கிலும் திருமேனி. இங்கே சாமியே சுவரில் எழுதிய சித்திரம். மாமாவோடு போய் நின்றபோது அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்தவன் எதை விட்டான் எதை வைத்தான் என்று கோட்டுக்குக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அது ஒரு கையின் வேலை என்பதை அந்தச் சுவர் ஒளிப்பதில்லை.

அப்பா படத்தைப் பெரிதாக்கவில்லை. வெளுப்பாக்கவும் விடவில்லை. அஞ்சலட்டை அளவிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அந்த அளவில் அவர் அவராகத்தான் இருக்கிறார். வருகிறவர்கள் கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மாமாவுக்கு எழுபத்தாறு ஆகிறது. வருகிற சாரலுக்கு அவரைத் திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தி, அந்தப் பொத்தானில் கூட்டலை இரண்டு படி ஏற்றி எடுக்க உத்தேசம். அருவி சுண்ணாம்பாகிவிடும். வெள்ளை போனால் போகட்டும்.